வாசகர் கேள்வி பதில்: கிராஃபிக்ஸ் வேலைக்கு எந்தப் பாகத்துக்கு முதலில் பணம் போடுவது?

டிசைன், வீடியோ, த்ரீடி வேலைகளுக்காக வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். விலை எதையும் எழுதவில்லை. 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்காக மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள், ரேம் விலை ஏறுகிற வேகத்தில் இன்று நான் எழுதும் ரூபாய்க் கணக்கு இதழ் உங்கள் கைக்கு வரும்போது தப்பாகிவிடும். எதை முதலில் வாங்குவது, எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற வரிசை அவ்வளவு சீக்கிரம் மாறாது, அதை மட்டும் சொல்கிறேன்.

தேனியிலிருந்து ஒரு வாசகர்: சார், ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறேன். ஐ3 பிராசஸர், 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். 20க்கு 10 அடி பேனரை ஃபோட்டோஷாப்பில் திறந்தாலே கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது. 'நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போடுங்க, பறக்கும்' என்கிறார் கடைக்காரர். போடலாமா?

போடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். முதலில் உங்கள் பேனரின் எடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடி என்றால் 240 அங்குலம், 10 அடி என்றால் 120 அங்குலம். 72 ரெசல்யூஷனில், அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்தால் 17,280க்கு 8,640, அதாவது ஏறக்குறைய 15 கோடி புள்ளிகள். பிரிண்டுக்கு சிஎம்ஒய்கே, நான்கு நிறம், ஒரு புள்ளிக்கு நான்கு பைட். ஆக முழுசாக நிரம்பிய ஒரே ஒரு லேயருக்கு 600 எம்பி. பின்னணி, பூ அலங்காரம், மாப்பிள்ளை பெண் படம், மேலே தலைவர்கள் வரிசை என்று ஐந்தாறு லேயர் போட்டால் 3 ஜிபியைத் தாண்டிவிடும். நீங்கள் பின்னால் போவதற்காக ஃபோட்டோஷாப் எடுத்து வைக்கிற பழைய நிலைகள் இதற்கு மேல். விண்டோஸுக்கும் ப்ரௌசருக்கும் போக 8 ஜிபியில் என்ன மிஞ்சும்?

சென்ற வருஷம் இதே வேலை செய்கிற நண்பர் ஒருவரின் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு படத்தை மவுஸால் இழுக்கிறார், நீல வட்டம் சுற்றுகிறது, கேபினெட்டுக்குள் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். பிராசஸர் பத்து பதினைந்து சதவீதத்தில் சும்மா இருக்கிறது, இருந்த சின்ன கிராஃபிக்ஸ் கார்டு அதைவிடச் சும்மா இருக்கிறது, மெமரி 97, டிஸ்க் 100. ரேமில் இடமில்லாததால் ஃபோட்டோஷாப் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்கிறது. ரேமோடு ஒப்பிட்டால் ஹார்ட் டிஸ்க் மாட்டுவண்டி வேகம், நொடிக்கு 150, 200 எம்பி கிடைத்தாலே பெரிய விஷயம், அதுவும் சின்னச் சின்னத் துண்டாகப் படிக்கும்போது அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. அந்த மெஷினில் எந்த கார்டைச் சொருகியிருந்தாலும் அந்த நீல வட்டம் நின்றிருக்காது. ரேமை 32 ஜிபி ஆக்கினார், விண்டோஸும் ஃபோட்டோஷாப்பும், சுழலும் தட்டு இல்லாமல் சில்லிலேயே சேமிக்கிற எஸ்எஸ்டிக்கு மாறின, வேறு எதையும் தொடவில்லை. அதே ஐ3யில்தான் இன்றும் வேலை ஓடுகிறது.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஃபோட்டோஷாப் ஜன்னலின் கீழே இடது ஓரத்தில் ஃபைல் அளவு காட்டும் இடம் இருக்கிறதல்லவா, அதன் அம்புக்குறியை அழுத்தி எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது 100க்குக் கீழே இறங்கினால் ரேம் போதவில்லை, டிஸ்கில் எழுத ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் ஃபோட்டோஷாப்புக்காக யாரும் எதுவும் வாங்கக் கூடாது என்பேன். எஸ்எஸ்டியில் சாட்டா வகை நொடிக்கு 500 எம்பியைத் தாண்டும், மதர்போர்டிலேயே சொருகும் என்விஎம்இ வகை 3,500லிருந்து 7,000 வரை போகும். உங்கள் போர்டில் எம்.2 ஸ்லாட் இருந்தால் அதையே வாங்குங்கள், இல்லையென்றால் சாட்டாவே போதும், ஹார்ட் டிஸ்கிலிருந்து வருகிறவருக்கு இரண்டுமே பெரிய மாற்றம்தான். ரேம் போதாதபோது எங்கே எழுதுவது என்று சொல்ல ஃபோட்டோஷாப் அமைப்பில் ஸ்க்ராட்ச் டிஸ்க் என்று ஓர் இடம் உண்டு, அங்கே எஸ்எஸ்டியைக் காட்ட மறக்காதீர்கள், இதை மறந்துவிட்டு 'எஸ்எஸ்டி போட்டும் ஒன்றும் ஆகவில்லை' என்கிறவர்கள் நிறைய.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளெக்ஸை 300 ரெசல்யூஷனில் வைத்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே 20க்கு 10 அடி 300இல் ஒரு லேயருக்கே 10 ஜிபி. 30,000 புள்ளிக்கு மேல் அகலம் போனால் பிஎஸ்டியாகச் சேமிக்கவே முடியாது, பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பி வகைக்குப் போக வேண்டும். ரோட்டில் முப்பது அடி தள்ளி நின்று பார்க்கிற பேனருக்கு 72 தாராளம்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: அண்ணே, கல்யாண வீடியோ எடிட்டிங். புது கேமரா வாங்கிய பிறகு அதன் ஃபைல் ப்ரீமியரில் திக்கித் திக்கி ஓடுகிறது, பழைய கேமரா ஃபைல் நன்றாகவே ஓடியது. மெஷின் ஐ5-12400எஃப், 32 ஜிபி, என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

உங்கள் மெஷின் நல்ல மெஷின். பிராசஸர் பெயரில் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த 'எஃப்' தான் உங்களைப் படுத்துகிறது.

மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் புது கேமராவின் ஃபைலைப் போட்டுப் பாருங்கள். எச்.265, 10 பிட், 4:2:2 என்று வரும் என்று நினைக்கிறேன், இப்போது வரும் கேமராக்களில் தரம் கூட்டி எடுத்தால் அப்படித்தான் பதிவாகிறது. எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கும் முறை, 4:2:2 என்பது சாதாரண 4:2:0ஐவிட நிற விவரத்தைக் கூடுதலாக வைக்கும் வகை. இந்த வகை ஃபைலைப் பிரித்துக் காட்டுவதற்கென்று சில்லுக்குள் தனியாக ஒரு பகுதி இருந்தால் வெண்ணெய் மாதிரி ஓடும். இல்லாவிட்டால் அந்த வேலை முழுக்க பிராசஸர் தலையில் விழும். இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் இதைச் செய்யும். எஃப் என்று முடிகிற மாடலில் அந்த உள் கிராஃபிக்ஸ் வேலை செய்யாது, அதனால்தான் கொஞ்சம் மலிவு. உங்கள் 3060க்கு 4:2:0 ஃபைல் நன்றாகத் தெரியும், உங்கள் பழைய கேமரா ஓடியதற்கு அதுதான் காரணமாக இருக்கும், 4:2:2 தெரியாது. என்விடியாவில் அது 2025இல் வந்த 50 வரிசையிலிருந்துதான் வந்தது. ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் பக்கம் போனாலும் 7000 வரிசைக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் இதற்கு உதவாது.

அதனால் மூன்று வழி. காசே செலவில்லாத வழி ப்ராக்ஸி: ஃபைல்களை இறக்கியதும் ப்ரீமியரிலேயே சின்ன அளவில் ஒரு நகல் எடுக்கச் சொல்லிவிட்டு ராத்திரி தூங்கப் போய்விடுங்கள், காலையில் அந்த நகலை வைத்து வெட்டுங்கள், கடைசியில் எக்ஸ்போர்ட் ஆகும்போது அது அசல் ஃபைலையே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, எஃப்பை விற்றுவிட்டு அதே போர்டில் சொருகுகிற எஃப் இல்லாத ஐ5 ஒன்றை வாங்குவது, உங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். 3060ஐக் கழற்ற வேண்டாம், இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும், ஆனால் தனி கார்டு இருந்தால் சில போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தானாக அணைத்துவிடும், பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கிற போர்டின் அமைப்புத் திரையில் போய் அதை இயக்கிவிட்டு, ப்ரீமியர் அமைப்பில் மீடியா பகுதியில் இன்டெல் டீகோடிங் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றாவது, 50 வரிசை கார்டு. உங்கள் 3060 இன்னும் ஓடுகிறபோது அதற்கு அவசரம் இல்லை.

13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பழையது வாங்குகிறவர்கள் மட்டும் ஜாக்கிரதை. வோல்டேஜ் அதிகமாகப் போய் அந்தச் சில்லுகள் நாளடைவில் கெட்டுப்போகிற சிக்கல் 2024இல் வெளியே வந்தது, இன்டெல் மைக்ரோகோடு என்கிற, சில்லுக்குள் ஓடும் நிரலுக்குத் திருத்தம் கொடுத்து வாரன்ட்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. திருத்தம் இனிமேல் கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. யார் கையில் எப்படி ஓடியது என்று தெரியாத சில்லு வேண்டாம்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சார், பிளெண்டர் என்கிற த்ரீடி மென்பொருள் கற்றுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு கார்டுக்குத்தான் பணம் தருவார்கள். 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 புதுசா, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 பழையதா? எல்லாரும் 4060தான் வேகம் என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான் தம்பி, காட்சி முழுக்க 8 ஜிபிக்குள் அடங்குகிற வரைக்கும். கரண்ட்டும் குறைவாக எடுக்கும், 3060க்கு 170 வாட், 4060க்கு 115.

ஆனால் கார்டில் ரெண்டர் செய்யும்போது, அதாவது காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும்போது, காட்சி மொத்தமும், மாடல், அதன் மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படங்கள், வெளிச்சம் எல்லாம், கார்டின் சொந்த மெமரிக்குள் உட்கார வேண்டும். ஒரு 4கே டெக்ஸ்சர் 4,096க்கு 4,096 புள்ளி, புள்ளிக்கு நான்கு பைட், 64 எம்பி. டிஸ்கில் ஜேபெக்காக 5 எம்பி இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது, கார்டுக்குள் போகும்போது விரிந்துவிடும். ஒரு மரப்பலகைக்கே நிறம், சொரசொரப்பு, மேடுபள்ளம், நார்மல் என்று நான்கு படம் வைப்பாய், 256 எம்பி போயிற்று. அப்படி இருபது பொருள் உள்ள ஒரு வீட்டு ஹால் செய்தால் டெக்ஸ்சருக்கு மட்டும் 5 ஜிபி. ஆசைப்பட்டு 8கே இறக்கினால் இது நான்கு மடங்கு. அப்புறம் மாடல்கள், விண்டோஸ் திரைக்காக எடுத்துக்கொள்கிற பங்கு, பின்னால் திறந்து கிடக்கிற ப்ரௌசர். 8 ஜிபி நிரம்பினால் ஒன்று ரெண்டர் ஆமை வேகத்துக்கு இறங்கும், இல்லை மெமரி போதவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். நிமிஷத்தில் முடிவதும் இரண்டு நிமிஷத்தில் முடிவதும் பெரிய வித்தியாசம் இல்லை. முடிகிறதா இல்லையா என்பது பெரிய வித்தியாசம். கற்கிற காலத்தில் டெக்ஸ்சரை எப்படிச் சிக்கனமாக வைப்பது என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை, அப்போது இந்த 4 ஜிபி கூடுதல் இடம் உன் ராத்திரிகளைக் காப்பாற்றும்.

ஆகவே என் கை 12 ஜிபி பக்கம். இரண்டு நிபந்தனை. 3060 பெயரிலேயே 8 ஜிபி மாடல் ஒன்றும் 2022இல் வந்தது, மெமரிப் பாதையும் அதில் குறுகல், பெட்டியையும் கார்டையும் பார்த்து 12 என்று உறுதி செய்துகொள். 4060 டிஐ, 5060 டிஐ இரண்டிலும்கூட ஒரே பெயரில் 8, 16 என்று இரண்டு உண்டு, வீட்டில் இன்னும் கொஞ்சம் கேட்க முடிந்தால் 16 ஜிபி 5060 டிஐ புதுசாக வாங்குவது எல்லாவற்றையும்விட நல்லது. அடுத்து, பழைய கார்டை விற்பவர் வீட்டில் உன் பிளெண்டர் ஃபைல் ஒன்றை அரை மணி நேரம் ரெண்டர் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே. ஃபேன் சத்தம் மாறுகிறதா, திரையில் புள்ளி புள்ளியாக ஏதாவது வருகிறதா, வெப்பம் எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று பக்கத்திலேயே இருந்து பார். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடு.

ஏஎம்டி கார்டு பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தாய். கேமுக்கு அருமையானவை. பிளெண்டர் அவற்றிலும் ஓடும். ஆனால் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில், ஆப்டிக்ஸ் என்கிற தன் சொந்த வழியால் என்விடியாவுக்குக் கிடைக்கும் வேகத்தைப் பார்த்தபின் உனக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

ஈரோட்டிலிருந்து: லிக்விட் கூலர் கட்டாயமா?

இல்லை. ரைசன் 5 7600 மாதிரி 65 வாட் பிராசஸருக்குப் பெட்டியில் வருகிற கூலரே சமாளிக்கும், சத்தம் பிடிக்கவில்லை என்றால் ஒரு சாதாரண டவர் ஏர் கூலர் போடுங்கள். மிச்சப் பணம் ரேமுக்கு.

சிவகாசியிலிருந்து ஒரு வாசகி: வணக்கம். காலண்டர் டிசைன் வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறேன். திரையில் பார்த்த கிருஷ்ணர் நீலம் அச்சில் ஊதாவாக வந்து பார்ட்டி திருப்பிவிட்டார். கிராஃபிக்ஸ் கார்டு சரியில்லை என்கிறார் அசெம்பிள் செய்தவர். என்ன கார்டு வாங்க?

கார்டு வேண்டாம் சகோதரி. உங்கள் பணம் மானிட்டருக்குப் போக வேண்டும், அதற்கும் முன்னால் ஒரு சின்னப் பழக்கத்துக்கு.

கிருஷ்ணர் நீலம் அச்சுத் தொழிலில் எல்லாரையும் ஒரு முறையாவது அழ வைத்திருக்கும். திரை வெளிச்சத்தால் நீலம் காட்டுகிறது, அதனால் பளீரென்ற நீலம் அதற்கு எளிது. அச்சில் நீலம் என்பது சயான் மையும் மஜந்தா மையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது, இரண்டையும் நூறு நூறு வைத்தால் வருவது ஊதாதான். மஜந்தாவை இறக்க வேண்டும், எழுபது பக்கம் கொண்டுவந்து பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும், அழுத்தியதும் நீலமும் கிளிப்பச்சையும் சட்டென்று மங்குவதைப் பார்ப்பீர்கள். அந்த மங்கலான நிறம்தான் உண்மை, அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யப் பழகுங்கள். உங்கள் அச்சகம் எந்த சிஎம்ஒய்கே ப்ரொஃபைல், அதாவது மை நிறக் கணக்கு, கேட்கிறது என்றும் ஒரு முறை கேட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தக் காட்சி நம்பும்படி இருக்கத் திரை நம்பும்படி இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி என்கிற பொது நிற அளவில் 100 சதவீதத்துக்குப் பக்கத்தில், இந்த இரண்டும் இல்லாத மானிட்டரில் நிற வேலை செய்யவே வேண்டாம். என்டிஎஸ்சி என்கிற பழைய நிற அளவில் 45 சதவீதம் என்று எழுதியிருந்தால் வாங்காமல் அப்படியே கடையிலேயே வைத்துவிடுங்கள், அது எஸ்ஆர்ஜிபியில் சுமார் 60தான் காட்டும், சிவப்பெல்லாம் செங்கல் மாதிரி தெரியும். 24 அங்குலத்துக்கு 1,920க்கு 1,080 போதும், 27 வாங்கினால் 2,560க்கு 1,440 எடுங்கள், இல்லாவிட்டால் எழுத்தின் ஓரம் பிசிறும். வாங்கிய பிறகு வெளிச்சத்தைக் குறையுங்கள், பெட்டியிலிருந்து எடுக்கும்போது கண்ணைப் பறிக்கிற அளவில் வைத்திருப்பார்கள், அதனால்தான் அச்சு எப்போதும் இருட்டாக வந்த மாதிரி தோன்றுகிறது. நல்ல பிரிண்ட் ஒன்றை வெள்ளை வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகிற வரை இறக்குங்கள். திரையில் ஒட்டவைத்து நிறத்தை அளக்கிற கேலிபிரேட்டர் கருவி விலை கூடுதல். உங்கள் ஊரில் டிசைனர்களுக்கா பஞ்சம், நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாதம் ஒரு முறை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்: புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரின் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் மாற்றியும் அப்படியே. செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன்.

ஐயா, செருப்பு தீர்வு இல்லை, இதை இன்றைக்கே கவனியுங்கள். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியில், குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு, வீட்டில் எர்த் இல்லை, அல்லது இருக்கிற எர்த் செத்துவிட்டது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரும்பு உடலுக்குச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அதில் கசிகிற துளி மின்சாரம் எர்த் வழியாகப் போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, நூற்றுச் சொச்சம் வோல்ட், கேபினெட் உடலிலேயே நிற்கும். டெஸ்டரை வைத்துப் பார்த்தால் மங்கலாக எரியும். கசிவு மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் நாளைக்கு உள்ளே உண்மையிலேயே ஏதாவது ஒயர் உடலில் பட்டால் உங்களைக் காப்பாற்ற எதுவும் இல்லை. மானிட்டர் கேபிளையோ பென் டிரைவையோ சொருகும்போது போர்ட் போவதும் இதனால் நடக்கும்.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள், 230 பக்கம் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எர்த் குழி காய்ந்து கிடந்தால் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது நம் வீடுகளில் மறந்துபோன வேலை, கோடையில் அதைச் செய்தாலே பல வீடுகளில் சரியாகிவிடும். பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் சொருகுவது வேண்டாம். 'நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டிலேயே ஒரு ஒயரால் இணைத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து விடாதீர்கள், நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் கேபினெட் முழுக்க 230 ஏறிவிடும், உயிர் போகும்.

பழைய எஸ்எம்பிஎஸ் எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்தது என்றால் மாற்றியது நல்லதே. மேலே 500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்று இருந்தால் 12ஐ 18ஆல் பெருக்குங்கள், 216 வாட். கார்டும் பிராசஸரும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன, ஆக கையில் இருப்பது அவ்வளவுதான். ஒழுங்கான 550 வாட்டில் அந்த எண் 45 ஆம்பியர் பக்கம் இருக்கும். யுபிஎஸ்ஸிலும் இதே கதை, 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட், கார்டு போட்ட மெஷினுக்கு 1,000 விஏ எடுங்கள், லேசர் பிரிண்டரை அதில் சொருகாதீர்கள்.

வேலூரிலிருந்து: கண்ணாடிக் கேபினெட் அழகாக இருக்கிறது என்று வாங்கினேன். மதியம் ரெண்டர் போட்டால் மெதுவாகிவிடுகிறது, ராத்திரி அதே ஃபைல் வேகமாக முடிகிறது. வைரஸா?

வெயில். உங்கள் ஊர் மே மாத மதியத்தில் அறையே 38 டிகிரி இருக்கும், முன்பக்கம் முழுக்க கண்ணாடி என்றால் காற்று உள்ளே போக இடமில்லை, பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மதியம் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் அங்கேயே தெரியும். தெரிந்தால் முன்னால் சல்லடை மாதிரி வலை உள்ள கேபினெட்டுக்கு மாறுங்கள், முன்னால் இரண்டு ஃபேன் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள. வலை வைத்தால் தூசி வரும், மாதம் ஒரு முறை வாசலில் வைத்து ப்ளோயர் அடியுங்கள், அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று வேகத்தில் கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

திண்டுக்கல்லிலிருந்து: 6000 வேக டிடிஆர்5 ரேம் வாங்கினேன், டாஸ்க் மேனேஜரில் 4800 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்று இருப்பதை இயக்குங்கள், 6000 வரும். இரண்டு குச்சி என்றால் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் சொருகியிருந்தால் இரட்டைப் பாதை கிடைக்காது. 64 ஜிபி வேண்டுமென்றால் நாலு 16 வேண்டாம், இரண்டு 32ஆக வாங்குங்கள், டிடிஆர்5இல் நாலு குச்சி போட்டால் வேகம் இறங்கும்.

திருநெல்வேலியிலிருந்து: கையில் டிடிஆர்4 ரேம் 32 ஜிபி இருக்கிறது. இப்போது விற்கிற விலையில் புதிது வாங்க மனமில்லை. புது போர்டில் இதைப் போடலாமா?

டிடிஆர்5 ஸ்லாட்டில் அது நுழையாது, நடுவில் இருக்கும் வெட்டே வேறு இடத்தில் இருக்கும், அழுத்திப் பார்க்க வேண்டாம். ரைசன் 7000, 9000 சொருகும் ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 மட்டும்தான். ஆனால் இன்டெல் 12லிருந்து 14 வரை சொருகும் எல்ஜிஏ1700 போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு, டிடிஆர்4 வகையாகக் கேட்டு வாங்குங்கள், மாடல் பெயரிலேயே டி4 என்று போட்டிருப்பவை நிறைய. அதில் எஃப் இல்லாத ஒரு 12ஆம் தலைமுறை ஐ5ஐச் சொருகினால் இந்த 32 ஜிபியோடு ஃபோட்டோஷாப்பும் சாதாரண வீடியோவும் இன்னும் பல வருஷம் ஓடும். அதன்பிறகு அந்த போர்டில் மேலே போக வழி குறைவு, அது ஒன்றுதான் குறை. இன்றைய ரேம் விலைக்கு அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளலாம்.

சென்னை, தாம்பரத்திலிருந்து: ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாமா, ஆன்லைனிலா?

இரண்டிலும் விலையைக் கேட்டுவிட்டு, வித்தியாசம் சின்னதாக இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குங்கள். ஏதாவது ஒன்று வேலை செய்யாவிட்டால் தாம்பரத்திலிருந்து ரயில் ஏறிப் போய்க் கேட்கலாம். ஒரே கடையில் மொத்தத்தையும் வாங்கினால் அங்கேயே பொருத்தி ஓட்டிக் காட்டச் சொல்லலாம், 'போர்டில் குறையா ரேமில் குறையா' என்று இரண்டு கடைக்கு நடுவே நீங்கள் அலைய வேண்டியிருக்காது.

'பில் இல்லாமல் எடுத்தால் 18 சதவீதம் மிச்சம்' என்று சொல்வார்கள். எனக்கு அப்படி மிச்சம் பிடித்து வாங்கிய ஒரு எஸ்எஸ்டி ஏழாவது மாதத்தில் போனது, ஐந்து வருஷ வாரன்ட்டி உள்ள பொருள், பில் இல்லாததால் கடையிலும் கைவிரித்தார்கள், சர்வீஸ் சென்டரிலும் வாங்கவில்லை, அதில் இருந்த மூன்று கல்யாண ஆல்பங்களை மறுபடி செய்து கொடுத்தேன். ஜிஎஸ்டி பில் கேளுங்கள், அதில் போர்டு, கார்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும், கடை வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் பெட்டி மேலிருக்கும் நம்பரோடு ஒத்துப் பாருங்கள். கடை பில் தாளின் எழுத்து ஒரு வருஷத்தில் மறைந்துவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிளை மேலே போர்டில் சொருகாமல் கீழே கார்டில் இருக்கும் போர்ட்டில் சொருகுங்கள்.